மொனசைட்டில் காரீயம் அளக்க எந்த டிடெக்டர்: பி-10 வாயுவா, மூடிய செனானா?

சிப்புட் மணல் | திங்கள், இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் நான் வேலை செய்யும் கனிமச் சோதனைக்கூடத்துக்குப் பழைய எலக்ட்ரான் மைக்ரோபுரோப் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. கனிமத்தை எலக்ட்ரான் கற்றையால் தாக்கி, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் வெளியிடும் எக்ஸ் கதிர்களை (எல்-ஆல்பா, எம்-ஆல்பா போன்றவை) எண்ணி அளக்கும் கருவி அது. அதில் நான்கு நிறமாலைமானிகள் உள்ளன. இரண்டில் பி-10 வாயு (ஆர்கானும் மீத்தேனும் கலந்தது) ஓடும் கவுண்டர்களும், அதாவது கதிரை எண்ணும் டிடெக்டர்களும், ஒன்றில் மூடிய செனான் கவுண்டரும் இருக்கின்றன. நான்காவது நிறமாலைமானி கவுண்டர் கழற்றப்பட்ட நிலையில் வந்தது. இரண்டு வகையிலும் உதிரிகள் கையில் இருப்பதால், எதைப் பொருத்துவது என்பதை நாங்களே முடிவு செய்யலாம்.

எங்களிடம் வருபவை பெரும்பாலும் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்கங்களில் ஒதுக்கப்பட்ட அமாங் மணல் மாதிரிகள். மொனசைட், செனோடைம், சிர்க்கான், இல்மனைட் ஆகியவற்றோடு, அலசலில் தப்பிய வெள்ளீயக் கனிமமான காசிட்டரைட்டும் அதில் கிடைக்கும். மொனசைட் பரல்களில் தோரியம், யுரேனியம், காரீயம் ஆகிய மூன்றையும் அளந்து வயதைக் கணிப்பது முதல் வேலை; காசிட்டரைட்டில் உள்ள டான்டலத்தை அளப்பது அடுத்த வேலை.

நான் கேட்க விரும்புபவை இரண்டு. நான்காவது நிறமாலைமானியில் (கதிரை அலைநீளவாரியாகப் பிரிக்கும்) பி.இ.டி. படிகம் இருக்கிறது, காரீயத்தை அதில்தான் அளக்கப்போகிறோம் என்றால், அதற்கு ஆர்கான் கவுண்டர் ஏற்றதா, செனான் ஏற்றதா? இரண்டாவது, வாயு ஓடும் கவுண்டர்களில் துடிப்பு உயரம் (ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் எழும் மின்துடிப்பின் அளவு) ஒரே இடத்தில் நிற்பதில்லை. முற்பகலில் தாழ்ந்தும், பிற்பகல் சாயும் நேரத்தில் உயர்ந்தும் காணப்படுகிறது. துடிப்பு முகட்டைக் (துடிப்புகள் அதிகம் குவியும் உயரத்தை) கவனித்து உயர் மின்னழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஒரு நிரலை எழுத நினைக்கிறேன். அது சரியான வழியா?


ஓய்ந்த கருவியாளர் | திங்கள், இரவு 10.45

தம்பிக்கு வணக்கம். இரண்டு கேள்விகளும் தனித்தனியாகத் தோன்றினாலும், முதலாவதுக்குச் சரியான விடை கிடைத்தால் இரண்டாவதின் பாரம் பாதி குறைந்துவிடும் என்பது என் கருத்து. ஆகவே தேர்விலிருந்து தொடங்குகிறேன்.

இந்தக் கருவியில் அலைநீளத்தைப் பிரிப்பது படிகம். கவுண்டருக்கு எஞ்சியிருக்கும் வேலை இரண்டுதான்: உள்ளே வந்த ஃபோட்டானைத் தவறவிடாமல் எண்ணுவது, அதன் ஆற்றலைத் துடிப்பின் உயரத்தால் உத்தேசமாகத் தெரிவித்து, அதே கோணத்தில் படிகம் அனுப்பிவைக்கும் இரண்டாம், மூன்றாம் படிக் கதிர்களை (அலைநீளம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ உள்ள வேறு கதிர்களை) ஒதுக்க உதவுவது. முதல் வேலைக்கு வாயு கதிரை உறிஞ்ச வேண்டும், சாளரம் அதை உள்ளே விட வேண்டும்.

கணக்குக்காக 2 செ.மீ. நீளமுள்ள வாயுப் பாதையை, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் எடுத்துக்கொள்வோம். டான்டலத்தின் எல்-ஆல்பா கதிர் 8.15 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உடையது. அதில் கால் பங்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் பி-10 வாயு நிறுத்தும். செனான் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறுத்திவிடும். ஆர்கானின் அழுத்தத்தை இரண்டு, மூன்று மடங்கு உயர்த்தி இந்தக் குறையைச் சரிசெய்யும் கருவிகளும் உண்டு, ஆனால் உங்களுடையது அந்த வகை அல்ல என்று தெரிகிறது. டான்டலத்தின் எம்-ஆல்பா கதிரோ 1.71 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், சிலிக்கானின் 1.74-க்கும் டங்ஸ்டனின் 1.78-க்கும் அருகில் நெருக்கியடித்து நிற்கிறது. குவார்ட்ஸ் ஒட்டிய பரல்களில் அதை நம்ப முடியாது. எனவே டான்டலத்துக்கு லித்தியம் ஃபுளோரைடு படிகமும் செனானும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

மறுமுனையில் சோடியம், மக்னீசியம், அலுமினியம் போன்றவை. செனானை அடைத்து வைக்கும் பெரிலியச் சாளரம் 50 மைக்ரான் தடிமன் என்று கொண்டால், சோடியத்தின் 1.04 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரில் ஏறக்குறைய எதுவுமே உள்ளே நுழையாது. மெல்லிய பாலிமர்ச் சவ்வும் ஓடும் வாயுவும் அங்கே கட்டாயம். இந்த மென்கதிர்களுக்கான டி.ஏ.பி. படிகம் உள்ள நிறமாலைமானியை ஆர்கானிடமே விட்டுவிடுங்கள்.

காரீயம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் எம்-ஆல்பா 2.35 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அதே 2 செ.மீ. பி-10 அதில் ஐந்தில் மூன்று பங்கை உறிஞ்சும். செனான் முழுவதையும் உறிஞ்சும், ஆனால் பெரிலியச் சாளரம் மூன்றில் இரண்டு பங்கைத்தான் உள்ளே விட்டிருக்கும். எண்ணிக்கையில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. இரண்டாவது வேலையைத்தான் பார்க்க வேண்டும்.


கிந்தா புவியியல் | செவ்வாய், காலை 7.30

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். நான் ஈப்போவில் முதுகலை ஆய்வு செய்யும் மாணவி. மொனசைட்தான் என் ஆய்வுப் பொருள். ஐயா நிறுத்திய இடத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

தீபகற்பத்தின் முதன்மைத் தொடர்க் கிரானைட்டுகள் பிந்தைய டிரையாசிக் காலத்தவை; ஏறத்தாழ 21 கோடி ஆண்டுகள். அந்த வயதுள்ள மொனசைட்டில் 6 விழுக்காடு தோரியமும் 0.3 விழுக்காடு யுரேனியமும் இருந்தால், அவற்றின் சிதைவால் சேரும் காரீயம் சுமார் 0.065 விழுக்காடுதான். அதாவது 650 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 650 பங்கு). இதில் 50 பி.பி.எம். பிழை நேர்ந்தால் வயது ஒரு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகள் நகர்ந்துவிடும். ஒரே தொடரில் முன்னும் பின்னும் ஊடுருவிய கிரானைட்டுகளைப் பிரித்தறிய நினைப்பவர்களுக்கு அந்த இடைவெளி மிகப் பெரியது. முகட்டை எண்ணுவதில் காட்டும் அக்கறையைப் பின்புலத்திலும் (முகட்டின் அடியில் கிடந்து, எண்ணிக்கையிலிருந்து கழிக்க வேண்டிய கதிர்) காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பின்புலத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காரீய எம்-ஆல்பாவின் அலைநீளம் 5.286 ஆங்ஸ்ட்ராம். மொனசைட்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இலாந்தனத்தின் எல்-ஆல்பா 2.666 ஆங்ஸ்ட்ராம், அதன் இரண்டாம் படி 5.33-இல் வந்து நிற்கிறது. சீரியத்தின் எல்-ஆல்பா 2.562, இரண்டாம் படி 5.12-இல். காரீயத்தின் முகட்டுக்கு இருபுறமும், நாம் பின்புலம் எடுக்க விரும்பும் இடங்களிலேயே இவை இரண்டும் அமர்ந்திருக்கின்றன. இவை உள்ளே கசிந்தால் பின்புலம் உயர்வாகத் தெரியும். கழித்தபின் காரீயம் குறைவாக வரும். பாறை உள்ளதைவிட இளமையாகத் தோன்றும். இட்ரியத்தின் எல்-காமா காரீயத்தின் முகட்டின் மேலேயே விழுவது வேறு பிரச்சினை. அது முதல் படிக் கதிர் என்பதால் எந்த வாயுவும் அதை ஒதுக்காது, தனியாகத் திருத்த வேண்டும்.

என் ஐயம் இதுதான்: துடிப்பு உயரத்துக்கு ஒரு மேலெல்லை வைத்துவிட்டால் இரண்டாம் படிக் கதிர்களை ஒதுக்கிவிடலாமே, பிறகு ஆர்கானுக்கும் செனானுக்கும் என்ன வேறுபாடு இருக்கப்போகிறது?


ஓய்ந்த கருவியாளர் | செவ்வாய், காலை 11.15

தங்கைக்கு நன்றி. எண்களை நேராக எடுத்து வைத்துவிட்டீர்கள், இனி எஸ்கேப் முகட்டைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஐயம் தீர்ந்துவிடும்.

ஆர்கானின் கே விளிம்பு, அதாவது அதன் உள்கூட்டு எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்த ஆற்றல், 3.206 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அதற்கு மேற்பட்ட ஆற்றலுடன் வரும் ஃபோட்டான் ஆர்கானின் உள்கூட்டைத் தாக்கும்போது, சில வேளைகளில் 2.96 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கொண்ட ஆர்கானின் சொந்தக் கதிர் பிறந்து, கவுண்டரை விட்டே வெளியேறிவிடும். மிச்ச ஆற்றல் மட்டும் துடிப்பாகும்; அத்துடிப்புகள் குவியும் இடமே எஸ்கேப் முகடு. இவ்வாறு நேர்வது அதிகம் போனால் பத்தில் ஒரு பங்கு. ஆனால் இலாந்தனமும் சீரியமும் காரீயத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மிகுந்திருக்கும் கனிமத்தில் அந்தப் பங்கை அலட்சியப்படுத்த முடியாது.

இப்போது கழித்துப் பாருங்கள். இலாந்தனத்தின் 4.65-இலிருந்து 2.96 போனால் 1.69. சீரியத்தின் 4.84-இலிருந்து போனால் 1.88. காரீயத்தின் துடிப்பு 2.35-இல் நிற்கிறது, இந்த ஆற்றலில் இவ்வகைக் கவுண்டரின் முகடு பாதி உயரத்தில் ஏறத்தாழ 0.6 அகலம் கொண்டது. மேலெல்லை வைத்து 4.65-ஐயும் 4.84-ஐயும் வெளியே நிறுத்திவிடலாம். ஆனால் அவற்றின் எஸ்கேப் துடிப்புகள் காரீயத்தின் அகலத்துக்குள்ளேயே கீழ்ப்புறமாகக் கலந்துவிடுகின்றன. அவற்றை ஒதுக்கக் கீழெல்லையை 2.0 வரை உயர்த்தினால் காரீயத்தின் சொந்தத் துடிப்புகளிலேயே பத்தில் ஒன்று வெட்டுப்படும். வெட்டு இப்படி முகட்டின் சரிவில் விழும்போது, பெருக்கம் (கவுண்டர் மின்துடிப்பைப் பெரிதாக்கும் மடங்கு) மூன்று விழுக்காடு நகர்ந்தாலே எண்ணிக்கையும் மூன்று நான்கு விழுக்காடு நகரும். தம்பி சொன்ன முற்பகல், பிற்பகல் மாற்றம் முழுவதும் காரீயத்தின் மேல் வந்து விழுவது இந்த வழியாகத்தான்.

செனானில் இந்த நெருக்கடி இல்லை. அதன் எல்-3 விளிம்பு 4.786. இலாந்தனத்தின் 4.65 அதற்குக் கீழே இருப்பதால் அது எஸ்கேப் முகட்டையே உண்டாக்க முடியாது. சீரியம் விளிம்பைச் சற்றே தாண்டுகிறது, செனானின் 4.11 தப்பிப் போனால் மிச்சம் 0.73, காரீயத்திலிருந்து வெகு தொலைவு. கீழெல்லை 1.2, மேலெல்லை 3.4 என்று விசாலமாக வைத்தாலும் காரீயம் முழுதும் உள்ளே, இலாந்தனமும் சீரியமும் ஏறக்குறைய முழுதும் வெளியே. பெருக்கம் ஐந்து விழுக்காடு நகர்ந்தாலும் எண்ணிக்கை அசையாது. எனவே நான்காவது நிறமாலைமானிக்குச் செனானைப் பொருத்துங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.


தோம்பு வண்டி | செவ்வாய், மாலை 6.05

வணக்கம். தொழிற்சாலைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வாயு விநியோகிக்கும் வேலையில் இருப்பவன் நான். எஸ்கேப் முகடு பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அந்த நிறமாலைமானிக்குச் செனான் என்றாலும் மற்ற இரண்டும் பி-10-இல்தானே ஓடப்போகின்றன. அவற்றின் நிலைப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

பி-10 என்பது 90 பங்கு ஆர்கானும் 10 பங்கு மீத்தேனும். மீத்தேனின் அளவு சிறிது மாறினாலும் பெருக்கம் மாறும். ஆகவே சான்றிதழுடன் வரும் கலவையையே கேளுங்கள், ஒவ்வொரு தோம்பு (வாயு உருளை) மாற்றத்துக்குப் பிறகும் குழாயில் உள்ள பழைய வாயுவும் புகுந்த காற்றும் முழுதும் வெளியேறும் வரை கருவியை ஓடவிட்டு, துடிப்பு முகட்டை மறுபடியும் பார்த்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். ஒரு மாதிரியின் அளவீட்டுக்கு நடுவில் தோம்பு தீர்ந்துபோகும்படி விடக் கூடாது. இரண்டு தோம்புகளை ஒரே குழாயில் இணைத்து வைப்பது நல்லது. இது எரியக்கூடிய கலவை என்பதால் வெளியேறும் வாயுவைக் கூடத்துக்கு வெளியே விட வேண்டும், தோம்பைச் சங்கிலியால் கட்ட வேண்டும். சொல்லாமலே தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பலரும் நம்பும் ஒன்று தவறு: தோம்பின் மேல் நல்ல ரெகுலேட்டர் இருந்தால் கவுண்டருக்குள் அழுத்தம் நிலையாக இருக்கும் என்பது. சாதாரண ரெகுலேட்டர் வெளிக்காற்றை ஒப்பிட்டுத்தான் அழுத்தத்தைக் காக்கிறது. கவுண்டரின் மறுமுனை எண்ணெய்க் குமிழிக் குடுவை வழியாக வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறினால் கவுண்டருக்குள்ளும் ஏறும்.


இயற்பியல் டீச்சர் | செவ்வாய், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். இங்கே இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மைக்ரோபுரோப்பைக் கையாண்டதில்லை, ஆனால் பள்ளியின் காற்றழுத்தமானியை நாள்தோறும் பதிவு செய்து வருகிறோம். சிப்புட் மணல் சொன்ன முற்பகல், பிற்பகல் மாற்றத்தைப் படித்தவுடன் அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் காற்றழுத்தம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்கும். சூரிய நேரப்படி காலை பத்து, இரவு பத்து மணியளவில் உச்சம். மாலை நான்கு, அதிகாலை நான்கு மணியளவில் தாழ்வு. 1982 முதல் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவதால், சுங்கை சிப்புட்டில் அந்த உச்சம் பதினொரு மணியை ஒட்டியும் தாழ்வு ஐந்து மணியை ஒட்டியும் தெரியும். இந்த ஏற்ற இறக்கம் சுமார் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல்; அதாவது மொத்த அழுத்தத்தில் ஏறத்தாழ 0.35 விழுக்காடு. குளிர்நாடுகளில் புயல்களின் ஏற்றத்தாழ்வு இதை மறைத்துவிடும். நமக்கோ அலையேற்றம் போல நாள் தவறாமல் வருகிறது.

இது மிகச் சிறிய மாற்றம் அல்லவா? இது துடிப்பு உயரத்தில் தெரியும் அளவுக்கு ஆகுமா? இன்னொரு கேள்வி: மூடிய செனான் கவுண்டர் சூடானால் உள்ளே அழுத்தம் உயருமே, அதன் பெருக்கமும் மாறாதா?


ஓய்ந்த கருவியாளர் | புதன், காலை 10.00

டீச்சர் அவர்களுக்கு மிக்க நன்றி. தம்பியின் கவனிப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் முற்பகலில் வாயு அடர்கிறது, பெருக்கம் தாழ்கிறது, மாலையில் நேர்மாறு. நேரமும் திசையும் இரண்டுமே பொருந்துகின்றன.

அளவும் பொருந்துகிறது. பெருக்கம் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. கவுண்டரின் நடுவே உயர் மின்னழுத்தத்தில் உள்ள இழையை நோக்கி விரையும் எலக்ட்ரான் இரண்டு மோதல்களுக்கு இடையில் எவ்வளவு ஆற்றல் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த அயனியாக்கம் நடக்கிறது. அடர்த்தி சற்றுக் குறைந்தால் ஒவ்வொரு படியிலும் அந்த ஆதாயம் பெருகிக்கொண்டே போகும். கம்பிக் கவுண்டர்களில் பொதுவாக அடர்த்தி மாற்றத்தைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை பெருக்கம் எதிர்த்திசையில் மாறும். ஆகவே 0.35 விழுக்காடு என்பது துடிப்பு உயரத்தில் இரண்டு மூன்று விழுக்காடாகத் தெரியும். அறையின் வெப்பநிலை இதைவிடக் கொடியது. இடிமழையில் மின்சாரம் போய், குளிர்சாதனம் நின்று, 24 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறினால் அடர்த்தி இரண்டு விழுக்காடு குறையும். பெருக்கம் பத்து விழுக்காட்டுக்கும் மேல் எகிறும்.

டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு: மூடிய கலத்தில் வாயுவின் நிறையும் மாறுவதில்லை, கொள்ளளவும் மாறுவதில்லை. சூடானால் அழுத்தம் உயரும், ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை அதேதான். மோதல்களின் இடைவெளியைத் தீர்மானிப்பது அந்த எண்ணிக்கையே. எனவே மூடிய செனான் வெளிக்காற்றழுத்தத்துக்கும் அசையாது, அறை வெப்பத்துக்கும் பெரும்பாலும் அசையாது. நான்காவது நிறமாலைமானிக்கு அதை நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.


சிப்புட் மணல் | புதன், இரவு 9.50

ஐயா, டீச்சர், அண்ணன், தங்கை அனைவருக்கும் நன்றி. காரீயத்துக்குச் செனான் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பி-10 கவுண்டர்களுக்கு என் நிரலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அளவீட்டுக்கு இடையிடையே துடிப்பு முகட்டைப் பார்த்து, அது தாழ்ந்தால் மின்னழுத்தத்தைச் சில வோல்ட் உயர்த்துவதில் என்ன குறை இருக்க முடியும்? முகடு எப்போதும் ஒரே இடத்தில் நிற்குமே.


ஓய்ந்த கருவியாளர் | வியாழன், காலை 9.25

முகடு நிற்கும், தம்பி. எண்ணிக்கை நிற்காது. நான் இந்த யோசனையை ஏற்காததற்குக் காரணம் அதுதான்.

மின்னழுத்தம் பெருக்கத்தை மட்டுமே சரிசெய்யும். அடர்த்தி குறைந்ததால் உறிஞ்சப்படாமல் கவுண்டரைக் கடந்து போன ஃபோட்டான்களை அது திருப்பிக் கொண்டுவராது. முழுதும் உறிஞ்சப்படும் மென்கதிர்களுக்கு இது பொருட்டல்ல. ஆனால் இரும்பின் கே-ஆல்பா போன்றவற்றை 2 செ.மீ. பி-10 பாதிதான் பிடிக்கிறது. அங்கே அடர்த்தி ஒரு விழுக்காடு மாறினால் எண்ணிக்கையும் முக்கால் விழுக்காடு போல மாறும். உங்கள் நிரல் முகட்டை நேராக நிறுத்தி, இந்த மாற்றம் நடந்ததற்கான ஒரே அடையாளத்தையும் அழித்துவிடும். மேலும் ஸ்டாண்டர்டை (உள்ளடக்கம் தெரிந்த ஒப்பீட்டுப் பொருளை) ஒரு மின்னழுத்தத்திலும் மாதிரியை வேறொன்றிலும் அளந்தால், பின்னர் ஏதேனும் முரண்பாடு தெரியும்போது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். காரணத்தைக் கட்டுப்படுத்துங்கள், அடர்த்தியை நிலைநிறுத்தினால் பெருக்கமும் உறிஞ்சலும் ஒன்றாக நிலைபெறும்.

அதற்கு வெளியேற்றக் குழாயில் தனியழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும். வெளிக்காற்றை ஒப்பிடாமல், வெற்றிடத்தை ஒப்பிட்டு அழுத்தத்தைக் காக்கும் வகை. உங்கள் ஊரின் மிக உயர்ந்த காற்றழுத்தத்துக்குச் சற்று மேலே, 1030 ஹெக்டோபாஸ்கல் போல நிறுத்தினால் போதும். சவ்வுச் சாளரம் ஏற்கெனவே வெற்றிடத்துக்கு எதிராக ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இந்தச் சிறு கூடுதல் பெரிதல்ல என்றாலும், பழைய சவ்வாக இருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள். வெப்பத்துக்கு, அறைக் குளிர்சாதனத்துக்கும் கருவியின் குளிர்நீர் இயந்திரத்துக்கும் மின்தடையின்போது மாற்று மின்சாரம் கிடைக்கும்படி செய்யுங்கள். பி.இ.டி. படிகம் வெப்பத்தில் மிகுதியாக விரியும் தன்மை உடையது என்பதால், இந்தச் செலவு முகட்டின் கோணத்தையும் சேர்த்துக் காக்கும்.


தோம்பு வண்டி | வியாழன், மதியம் 1.10

ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன், ஒரு சிறு வேறுபாட்டுடன். அத்தகைய கட்டுப்பாட்டுக் கருவி மலிவானதல்ல. முதன்மைத் தனிமங்களை மட்டும் பி-10-இல் அளப்பதாக இருந்தால், கீழெல்லையை இரைச்சலுக்குச் சற்று மேலே தாழ்வாக வைத்து, மேலெல்லையை நீக்கிவிட்டாலே இரண்டு மூன்று விழுக்காட்டுப் பெருக்க மாற்றம் எண்ணிக்கையைத் தொடாது. தோம்புகளை வெயிலில் வைக்காமல், கவுண்டருக்குப் போகும் குழாயைக் கூடத்தின் குளிருக்குள்ளேயே நீளமாக ஓடவிட்டால் போதுமானது. பணம் குறைவாக உள்ள கூடம் குளிர்சாதனத்துக்கு மாற்று மின்சாரம், பிறகு அழுத்தக் கட்டுப்பாடு என்ற வரிசையில் செலவிடுவதே நல்லது.


ஓய்ந்த கருவியாளர் | வியாழன், மாலை 4.30

இதை ஏற்கிறேன். பெரும்பாலான வேலைகளுக்கு எல்லைகளை விசாலமாக வைப்பதுதான் முதல் பாதுகாப்பு. ஒரே நிபந்தனை: கீழெல்லை எஸ்கேப் முகட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். கால்சியத்தின் 3.69-க்கு ஆர்கானில் எஸ்கேப் முகடு 0.73-இல் இருக்கும். கீழெல்லையை அதன் நடுவில் வைத்துவிட்டால், பெருக்கம் நகரும்போதெல்லாம் அந்தச் சிறு முகடு உள்ளும் வெளியும் போய்வரும். விசாலமாக வைத்ததன் பயன் கெட்டுவிடும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை வீதம் உயர்ந்தால் இழையைச் சுற்றி நேர்மின் அயனிகள் தேங்கி, துடிப்பு உயரம் தானாகவே தாழும். காரீயம் மிகுந்த ஸ்டாண்டர்டில் துடிப்புகள் வெள்ளமாக வருகின்றன. மொனசைட்டில் சொட்டுச் சொட்டாக. ஸ்டாண்டர்டின் மேல் மட்டும் எல்லைகளை நிர்ணயித்தால் மொனசைட்டின் துடிப்புகள் அதைவிட உயரமாக வந்து நிற்கும். ஸ்டாண்டர்டுக்குக் கற்றை மின்னோட்டத்தைக் குறைத்தும், எல்லைகளை இரண்டு நிலைகளிலும் சரிபார்த்தும் வையுங்கள். டெட் டைமுக்கும் (ஒரு துடிப்பை எண்ணியபின் அடுத்ததை எண்ண முடியாத சிறு இடைவெளி) அது நல்லது: இரண்டு மைக்ரோ வினாடி டெட் டைமில், வினாடிக்கு 50,000 என்று பதிவானால் உண்மையில் வந்தது ஏறத்தாழ 55,600, திருத்தம் இவ்வளவு பெரிதாகும்போது அதில் உள்ள சிறு பிழையும் பெரிதாகும்.


கிந்தா புவியியல் | வியாழன், இரவு 10.20

ஐயா, காரீயத்துக்குச் செனான் என்று முடிவானது. யுரேனியத்தை எங்கே அளப்பது? தோரியத்தின் எம்-பீட்டா யுரேனியத்தின் எம்-ஆல்பாவோடு மோதுவதால் நாங்கள் யுரேனியத்தின் எம்-பீட்டாவைத்தான் பயன்படுத்துகிறோம். அதை பி-10 கவுண்டரில் எடுத்த சில பதிவுகளில், முகட்டின் ஒருபுறம் பின்புலம் படிக்கட்டு போலச் சரிந்திருக்கிறது. அங்கே எந்தத் தனிமத்தின் கதிரும் இல்லை.


ஓய்ந்த கருவியாளர் | வெள்ளி, காலை 8.15

அது மாதிரியில் இல்லை, தங்கையே, கவுண்டரில் இருக்கிறது. ஆர்கானின் விளிம்பு 3.206 கிலோ எலக்ட்ரான்வோல்ட், அலைநீளத்தில் 3.87 ஆங்ஸ்ட்ராம். யுரேனியத்தின் எம்-ஆல்பா 3.91, எம்-பீட்டா 3.72. இரண்டுக்கும் நடுவில் விளிம்பு. விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள ஆற்றலில் 2 செ.மீ. பி-10 மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். சற்று மேலே போனதும் ஏறக்குறைய முழுவதையும் பிடிக்கும். தொடர் பின்புலம் அந்த இடத்தில் சரிவது இதனால்தான். எம்-பீட்டாவுக்கு நீண்ட அலைநீளப் பக்கத்தில் எடுக்கும் பின்புலம் 3.87-ஐத் தாண்டிவிட்டால், முகட்டின் கீழுள்ள உண்மையான பின்புலத்தைவிடத் தாழ்ந்த எண் கிடைக்கும். யுரேனியம் இல்லாத இடத்திலும் இருப்பதாகத் தோன்றும். பி-10-இல்தான் அளக்க வேண்டும் என்றால் இரு பின்புலங்களும் விளிம்புக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். செனானில் இந்தப் படிக்கட்டே கிடையாது. காரீயம் அளக்கும் அதே நிறமாலைமானியில், அது முடிந்த பிறகு யுரேனியத்தையும் அளந்துவிடுங்கள். தோரியம் மிகுந்து இருப்பதால் அதை பி-10-இடம் ஒப்படைக்கலாம். ஆனால் யுரேனியத்தின் எம்-பீட்டாவுக்கு அருகில் விழும் தோரியத்தின் எம்-காமாவை மறக்காமல் திருத்த வேண்டும்.


இயற்பியல் டீச்சர் | வெள்ளி, மதியம் 2.45

ஒரு பொதுவான கேள்வி. இப்போதெல்லாம் வாயுவே தேவைப்படாத சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர்கள் வந்துவிட்டன என்று படிக்கிறேன். இவ்வளவு சிரமத்துக்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாமே?


ஓய்ந்த கருவியாளர் | வெள்ளி, மாலை 5.30

அது நல்ல டிடெக்டர்தான், டீச்சர். நிறமாலைமானிகளோடு சேர்த்து ஒன்றை வைத்திருப்பதும் பயனுள்ளது, மணலில் எது மொனசைட், எது சிர்க்கான் என்று நொடியில் காட்டிவிடும். ஆனால் அதன் ஆற்றல் பிரிப்பு 125 முதல் 130 எலக்ட்ரான்வோல்ட். 0.065 விழுக்காடு காரீயம் அந்த அகலத்துக்குள் பின்புலத்தில் கரைந்துபோகும். படிகத்துக்குப் பின்னால் கவுண்டரின் இடத்தில் அதை வைப்பது கொள்கையளவில் இரண்டாம் படிக் கதிர்களை மிக எளிதாக ஒதுக்கும், காற்றழுத்தத்துக்கும் அசையாது. தடையாக இருப்பது வடிவம்: படிகம் குவிக்கும் கதிர் நீண்ட கீற்றாக வந்து விழுகிறது, சிலிக்கான் சில்லின் பரப்போ சில பத்துச் சதுர மில்லிமீட்டர். உங்கள் ஊர்க் கருவிக்கு அப்படி ஒன்றைச் செய்து பொருத்துவதைவிட, கையில் உள்ள செனானைச் சோதித்துப் பொருத்துவது விவேகம்.


சிப்புட் மணல் | வெள்ளி, இரவு 9.05

முடிவை எழுதிவிடுகிறேன். நான்காவது நிறமாலைமானிக்குப் பி.இ.டி. படிகமும் செனானும்: காரீயம், பிறகு யுரேனியம். ஏற்கெனவே செனான் உள்ளதில் லித்தியம் ஃபுளோரைடு: டான்டலம், இரும்பு. பி-10 கவுண்டர்களில் ஒன்று டி.ஏ.பி. படிகத்தோடு சிலிக்கானுக்கும் இட்ரியத்துக்கும், மற்றது தோரியத்துக்கும் கால்சியத்துக்கும். நிரலைக் கைவிட்டு, துடிப்பு முகட்டையும் காற்றழுத்தத்தையும் அறை வெப்பத்தையும் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். குளிர்சாதனத்துக்கு மாற்று மின்சாரம் இந்த ஆண்டுச் செலவில் சேர்கிறது.

உதிரிச் செனான் கவுண்டர் பல ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது?


ஓய்ந்த கருவியாளர் | சனி, காலை 9.40

முதலில் தூய டைட்டானியத்தை வையுங்கள். அதன் 4.51 செனானின் விளிம்புக்குக் கீழே இருப்பதால் எஸ்கேப் இல்லாத ஒற்றை முகடு வர வேண்டும். அடுத்து இரும்பு. அதன் முதன்மை முகடு 6.40-க்கும், எஸ்கேப் முகடு 2.29-க்கும் உரிய இடங்களில் தெரிய வேண்டும். அதாவது சிறிய முகட்டின் உயரநிலை பெரியதில் 0.36 பங்கு. அந்த விகிதம் கெட்டிருந்தால் மின்னழுத்தம் மிகுதி, துடிப்பு உயரம் ஆற்றலுக்கு விகிதமாக இருக்கும் விகிதமுறைப் பகுதியைத் தாண்டிவிட்டீர்கள், குறைத்துப் பாருங்கள். விகிதம் சரியாக இருந்தும் முகடு அகன்று, கீழ்ப்புறம் வாலாக நீண்டிருந்தால் வாயு கெட்டிருக்கிறது அல்லது இழையில் படிவு சேர்ந்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை, வேறு கவுண்டர்தான். இரண்டு செனான் கவுண்டர்களையும் ஒரே கற்றை மின்னோட்டத்தில், ஒரே டைட்டானியத்தின் மேல் சோதித்து, முகட்டின் அகலத்தையும் தேவைப்பட்ட மின்னழுத்தத்தையும் குறித்து வையுங்கள். அதே சோதனையை மாதந்தோறும் செய்துவந்து, முகட்டைப் பழைய இடத்தில் நிறுத்தக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கத் தொடங்கினால், அடுத்த உதிரிக்கு அப்போதே எழுதிவிடுங்கள்.